டொங்கல் நெட்வொர்க்கில் பதியவில்லையா? - புத்தளம் கரைக்குப் போனவர்களுக்கு ஒரு பாடம்



நம்ம லயங்களிலிருந்து வேலை தேடிப் புத்தளம் பக்கம் போகிறவர்கள் உண்டு. பாலாவி உப்பளம், முந்தல் இறால் பண்ணை, கற்பிட்டி ஹோட்டல் என்று பல வேலை. போகும்போது வீட்டிலிருந்த யூ.எஸ்.பி. டொங்கலையும் பழைய கம்பியூட்டரையும் கொண்டுபோகிறார்கள். அங்கே போய்ச் செருகினால் "நெட்வொர்க் இல்லை" என்கிறது. உடனே கடைக்காரரிடம் கொடுத்துக் காசைச் செலவழிக்கிறார்கள், இல்லாவிட்டால் புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். அநேகமான நேரம் பிழை சின்னதாகத்தான் இருக்கும். பிள்ளையின் பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது இந்தச் சின்னப் பிழையே பெரிய நட்டமாகிவிடும். அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்.

பதிவு என்றால் என்ன?

காலையில் பிரட்டுக் களத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஆள் வந்து நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளை காதில் குரல் விழ வேண்டும், செக்ரோலில் பேர் இருக்க வேண்டும். மூன்றும் சரியானால்தான் அன்றைய பேர் விழும்.

டொங்கலும் அப்படித்தான். முதலில் அது டவரைத் தேடும். பிறகு சிம்முக்குள் இருக்கும் 15 இலக்க அடையாள எண்ணைச் சொல்லும். கம்பனி தன் பதிவேட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "சரி" என்றோ "முடியாது" என்றோ பதில் சொல்லும். ஆகவே கோளாறு மூன்று விதம்:

1. டொங்கல் தேடவே இல்லை (சிம் அல்லது கரண்ட் பிழை).
2. தேடுகிறது, டவர் அகப்படவில்லை (இடம், அலைவரிசை, செட்டிங் பிழை).
3. டவர் அகப்பட்டது, கம்பனி மறுக்கிறது (சிம், லொக், ஐ.எம்.ஈ.ஐ. பிழை).

எந்த விதம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் சோதனை: சிம்மைப் போனில் போடுங்கள்

டொங்கலில் உள்ள சிம்மைக் கழற்றி, அதே இடத்தில், லொக் இல்லாத ஒரு போனில் போடுங்கள். போனிலும் பிடிக்காவிட்டால் பிழை சிம்மிலோ இடத்திலோதான். போனில் பிடித்தால் டொங்கலையும் கம்பியூட்டரையும் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

சிம்மில் பார்க்க வேண்டியவை

நீண்ட காலம் ரீலோட் பண்ணாமல் வைத்த சிம்மைக் கம்பனி நிறுத்திவிடும். எடிசலாட் 2018-ல் ஹட்ச்சுடன் சேர்ந்தது. ஏர்டெல் லங்கா 2024-ல் டயலொக்குடன் சேர்ந்தது. இந்தப் பழைய பேர் போட்ட சிம்மோ டொங்கலோ வைத்திருந்தால், இப்போதைய கம்பனியிடம் கேட்டுப் பாருங்கள்.

பின் நம்பர் கேட்டால் ஊகித்து அடிக்க வேண்டாம். மூன்று தரம் பிழைத்தால் சிம் பூட்டிக்கொண்டு பி.யூ.கே. நம்பர் கேட்கும். அதையும் பத்துத் தரம் பிழையாக அடித்தால் சிம் ஒரேயடியாகச் செத்துவிடும்.

கரையோரத்தில் உப்புக் காற்றும் ஒரு காரணம். சிம்மின் பொன் நிறத் தகட்டிலும் டொங்கலின் வாயிலும் பச்சைக் களிம்பு பிடிக்கும். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்துத் திரும்பப் போடுங்கள். ஈரத் துணி வேண்டாம். டொங்கலை மூடியோடு, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

கரண்ட் போதுமா?

சாதாரண யூ.எஸ்.பி. 2 துளை 500 மில்லி அம்பியர் வரைதான் தரும். டவரைத் தேடும்போதுதான் டொங்கல் அதிகம் இழுக்கும். நீளமான எக்ஸ்டென்சன் வயர், மலிவான ஹப் ஆகியவற்றில் செருகினால் வெளிச்சம் எரியும், ஆனால் தேடும்போது நின்று நின்று போகும். மேசைக் கம்பியூட்டரானால் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள்.

செட்டிங்

டொங்கலின் புரோகிராமில் நெட்வொர்க் தெரிவு "மெனுவல்" என்று இருந்தால் "ஓட்டோ" ஆக்குங்கள். யாராவது முன்பு ஒரு நெட்வொர்க்கைக் கையால் தெரிந்து விட்டிருந்தால் அது அதையே தேடிக்கொண்டிருக்கும். "3ஜி மட்டும்" என்று இருந்தால் அதையும் மாற்றுங்கள். மாற்றியபின் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டு இழுத்து இழுத்துச் செருகினால் தேடல் ஒவ்வொரு தரமும் முதலிலிருந்து தொடங்கும்.

இலங்கையில் டயலொக் 2006-ல் 3ஜி தொடங்கியது, 2013-ல் மொபைல் 4ஜி வந்தது. அந்த இடைக்காலத்தில் வாங்கிய டொங்கல்களுக்கு 4ஜி தெரியாது. உலகின் பல கம்பனிகள் 3ஜியை நிறுத்திவிட்டன. இந்தியாவில் ஏர்டெல் 2020-ல் நிறுத்தியது. அதனால் பழைய டொங்கலானால், அந்த ஊரில் 3ஜி இன்னும் இருக்கிறதா என்று முதலில் கம்பனியிடம் விசாரியுங்கள்.

"ஏ.பி.என்." என்ற செட்டிங் பிழையானால், 2ஜியிலும் 3ஜியிலும் பதிவு விழும், இன்டர்நெட் மட்டும் வராது. 4ஜியில் பதிவே தடைப்படலாம்.

லொக்கும் ஐ.எம்.ஈ.ஐ.யும்

மத்திய கிழக்கிலிருந்து அக்காமார் அனுப்பும் டொங்கல் சில, அந்த நாட்டுக் கம்பனிக்கே பூட்டப்பட்டிருக்கும். நம்ம சிம்மைப் போட்டால் லொக் திறக்கும் கோட் கேட்கும். அமெரிக்காவுக்கென்று செய்த சிலவற்றில் நம்ம நாட்டு அலைவரிசையே இருக்காது.

டொங்கலின் உடம்பில் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. அச்சிட்டிருக்கும். ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு எழுத்தையும் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைச் சேர்த்து 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று அறியலாம். வாங்குவதற்கு முன்னமே கேட்டுப் பார்ப்பது நல்லது. ஐ.எம்.ஈ.ஐ.யை மாற்றித் தருகிறேன் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

மலையும் கரையும் ஒன்றல்ல

தோட்டத்தில் நம்ம தொல்லை மலை முகடு. டவர் அடுத்த பள்ளத்தில் இருந்தால் அலை இந்தப் பக்கம் இறங்காது. லயத்தின் தகரக் கூரையும் அலையை மறிக்கும். 2021-ல் கொரோனாக் காலத்தில் ஊவாப் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்காக மலை உச்சிக்கு ஏறியதை நாடே பார்த்தது.

கற்பிட்டியில் தரை சமம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. மறிக்க ஒன்றுமில்லாததால் தூரத்து டவரின் அலையும் தண்ணீருக்கு மேலாக வந்து சேரும். டொங்கலில் கோடுகள் காட்டும், பதிவு மட்டும் விழாது. ஏன்? டவர் பேசுவது நமக்குக் கேட்கிறது. நம்ம சின்ன டொங்கலின் குரல் டவருக்குக் கேட்கவில்லை. 2ஜியில் இன்னொரு கணக்கும் உண்டு: சாதாரண டவர் சுமார் 35 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளவரை ஏற்காது. அலை போய்வரும் நேரத்தை அதற்கு மேல் சரிக்கட்ட முடியாது. இப்படியானால் டொங்கலை மாற்றிப் பிரயோசனமில்லை. கிட்டத்து டவர் உள்ள கம்பனியின் சிம்தான் வழி. அக்கம்பக்கத்து வீட்டார் எந்தக் கம்பனி பாவிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கும் முன்னேஸ்வரத் திருவிழாவுக்கும் நம்ம சனம் நிறையப் போகிறது. அந்த நாட்களில் ஒரே டவரில் பெருங்கூட்டம் மோதும், பதிவு தாமதமாகும். அது டொங்கலின் குற்றமல்ல. விடியற்காலையில் முயலுங்கள்.

கம்பனிக்குப் போன் பண்ணும் முன்

ஒரு துண்டில் எழுதி வையுங்கள்: சிம் இலக்கம், ஐ.எம்.ஈ.ஐ., இருக்கும் ஊர், டொங்கலின் வெளிச்சத்தின் நிறம், திரையில் வரும் வாசகம், போனில் சிம் பிடித்ததா இல்லையா. இவ்வளவும் சொன்னால் அவர்கள் சுற்றி வளைக்காமல் பதில் சொல்வார்கள். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை மட்டும் யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

விண்ணப்பக் கடைசி நாள் நாளைக்கு என்றால் டொங்கலோடு மல்லுக்கட்டாதீர்கள். போனை ஹொட்ஸ்பொட் ஆக்கியோ கொமினிகேசன் கடையிலோ விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, பிறகு ஆறுதலாகப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. சிம் போனில் பிடிக்கிறது, டொங்கலில் பிடிக்கவில்லை. பார்க்க வேண்டிய மூன்று விஷயம் எவை?
2. கோடுகள் நிறைய இருந்தும் பதிவு விழாததற்குக் கற்பிட்டியில் என்ன காரணம் இருக்கலாம்?
3. பின் நம்பரை ஏன் ஊகித்து அடிக்கக் கூடாது?

விடைகளை வீட்டில் அம்மா அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கரைக்குப் போயிருக்கும் அண்ணன்மாருக்கும் போனில் சொல்லிக் கொடுங்கள்.