இடுப்பில் ஒரு மூச்சு

ஜார்க்கண்ட் மாநிலத்தில் தன்பாத் நகரம் உள்ளது. அதன் அருகே ஜரியா என்ற ஊர் இருக்கிறது. அங்கே பூமிக்கு அடியில் நிலக்கரி கிடைக்கிறது. 1916-ஆம் ஆண்டு அந்த நிலக்கரியில் தீப்பிடித்திருப்பது தெரிந்தது. நூறு ஆண்டுகள் கடந்தும் தீ முழுவதும் அணையவில்லை.

அந்தப் பகுதியில் ஒரு சுரங்கம். காலை ஷிப்டு தொடங்குகிறது. புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன் கீழே இறங்க வருகிறான். சர்தார் அவனைத் தடுக்கிறார்.

"தம்பி, இடுப்பில் டப்பா எங்கே?"

"கனமாக இருக்கிறது ஐயா. புகை வந்தால் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வேன்."

"துண்டு தூசியைக் கொஞ்சம் தடுக்கும். விஷவாயுவைத் தடுக்காது" என்றார் சர்தார்.

சுரங்கத்தில் தீப்பிடித்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. நம் இரத்தம் பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது. இந்த வாயு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும். கால் தளரும். மயக்கம் வரும். உயிரும் போகும்.

அந்த டப்பாவின் பெயர் செல்ஃப் ரெஸ்கியூவர். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வடிகட்டும் வகை. உள்ளே இருக்கும் ரசாயனப் பொருள் கார்பன் மோனாக்சைடை வேறு வாயுவாக மாற்றிவிடும். ஆனால் இது பிராணவாயு தராது. காற்றில் பிராணவாயு குறைந்த இடத்தில் இது உதவாது. மற்றொரு வகை பிராணவாயுவைத் தானே தரும்.

"புகையைக் கண்டதும் மாட்டிக்கொள். மூக்கைக் கிளிப்பால் மூடு. வாயால் மூச்சு விடு. பேசாதே. ஓடாதே. வேகமாக மூச்சு வாங்கும். வெளியே போகும் வழியில் நட" என்றார் சர்தார்.

"சூடாகிறது என்கிறார்களே, ஐயா?"

"ஆமாம். மூச்சுக்காற்று சூடாக வரும். வாய் உலரும். கருவி வேலை செய்கிறது என்று பொருள். சூடு தாங்காமல் கழற்றினால் உயிர் போய்விடும். நல்ல காற்று உள்ள இடத்துக்கு வந்த பிறகுதான் கழற்ற வேண்டும்."

"கூட வந்தவர் உள்ளே விழுந்துவிட்டால்?"

"பதறி உள்ளே ஓடாதே. நீயும் விழுவாய். உடனே மேலே தகவல் சொல். மீட்புக் குழுவினர் பிராணவாயுக் கருவியோடு வருவார்கள்."

இளைஞன் திரும்பிப் போனான். டப்பாவை வாங்கினான். இடுப்பு வாரில் மாட்டினான். இப்போது அது கனமாகத் தெரியவில்லை.

சிந்திப்போம்

1. ஈரத்துணி விஷவாயுவைத் தடுக்குமா?
2. கருவி சூடானால் என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் ஊரில் பாழுங்கிணறு, கழிவுநீர்த் தொட்டி உள்ளனவா? அங்கே ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்? கூடிப் பேசுங்கள்.