இதயத் தமனியும் பாய்ஸொய் விதியும்

மாணவர்களே, 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், ஒரு நோயாளியின் குறுகிய இதயத் தமனியைச் சிறு பலூனால் விரித்தார். இன்று அவ்விடத்தில் 'ஸ்டென்ட்' என்னும் வலைக்குழாயையும் பொருத்துகிறார்கள்.

சிகிச்சைக்குப் பின் சிலருக்கு நெஞ்சு வலிக்கும். தமனிச் சுவர் விரிந்ததால் வரும் லேசான வலியாக இருக்கலாம். ஸ்டென்டில் இரத்தம் உறைந்து வழி குறுகியதாகவும் இருக்கலாம். பின்னது ஆபத்தானது. ஏன்?

குழாயில் சீராகப் பாயும் திரவத்தின் அளவு, அழுத்த வேறுபாடு மாறாதபோது, ஆரத்தின் நான்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது பிரெஞ்சு மருத்துவர் பாய்ஸொய் கண்ட விதி. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, 1/16 ஆகிவிடும்! தமனிக்கு இவ்விதி தோராயமாகவே பொருந்தும். ஆயினும் எச்சரிக்கை மெய்யே.

ஆகவே, வீட்டில் எவருக்கேனும் இவ்வாறு வலி வந்தால் காரணத்தை ஊகித்துக் காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.