போர் விமானத்துக்குத் துணிச் சட்டையா?

1942-ல் திருகோணமலையில் ஜப்பானியரோடு மோதிய ஹரிகேன் விமானத்தின் உடல் துணியால் ஆனது என்று நண்பர் சாதிக்கிறார். பந்தயம் கட்டலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

கட்டாதீர்கள், தோற்பீர்கள். விமானியின் இருக்கைக்குப் பின்னால் வால்வரை எஃகுக் குழாய்ச் சட்டம், அதைச் சுற்றி மரச் சட்டங்கள், அதன்மேல் பூச்சு தடவி விறைக்கவைத்த லினன் துணி. 1935 நவம்பர் 6-ல் முதன்முதலாகப் பறந்தபோது இறக்கைக்கும் துணிதான். உலோக இறக்கை 1939-ல்தான் வந்தது. ஒற்றை இறக்கை, உள்ளே மடங்கும் சக்கரம் என்று இத்தனை புதுமை இருந்தும் ஏன் இந்தப் பழமை? ஹரிகேனைத் தயாரித்த ஹாக்கர் நிறுவனம் அதுவரை ஃப்யூரி போன்ற இரட்டை இறக்கை விமானங்களை இப்படித்தான் கட்டியது. அதே ஆட்கள், அதே கருவிகள். போர் நெருங்கும் வேளையில் உற்பத்திக்கு அதுவே வேகம். குண்டு துளைத்த ஓட்டையைத் துணி ஒட்டியே அடைத்துவிடலாம், தகடு தட்டத் தேவையில்லை. 1940-ல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களைவிட ஹரிகேன்கள் அதிகம் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

'துணி உடலால்தானே 1942 ஏப்ரல் 9-ல் திருகோணமலை சைனா பே தளத்தின் 261-வது ஹரிகேன் படைப்பிரிவு அடிவாங்கியது?' என்று நண்பரை மடக்கவும் பார்க்காதீர்கள். எதிரே வந்த ஜப்பானிய ஜீரோ போர் விமானத்துக்கு உலோக உடல்தான். ஆனால் அதன் வால் சுக்கானுக்கும் துணியே போர்த்தியிருந்தார்கள். ஜீரோவை ஜெயிக்கவைத்தது அதன் குறைந்த எடையும், சட்டென்று வளைந்து திரும்பும் லாவகமும்தான்.