ஊர்க் காட்சியகமும் கொடை மரபும்

கொடையாளரைப் பற்றித் தமிழில் பாடல்கள் மிகுதி. கொடை எவ்வாறு திரட்டப்பட்டது, திரட்டிய பொருள் எவ்வாறு காக்கப்பட்டது என்பதைப் பற்றிய ஆய்வுகளோ குறைவு. புலவர் பாடியது வள்ளலின் கையை. கல்வெட்டும் செப்பேடும் பொறித்தது கணக்கை. புதுவை மாநிலத்தின் நாட்டுப்புறக் கொம்யூன்களாகிய வில்லியனூரிலும் பாகூரிலும் ஊர்மக்களே நடத்தும் ஓர் அரும்பொருட் காட்சியகம் எழுமாயின், அதனை நிலைநிறுத்தும் பொருள் எவ்வழியில் வரக்கூடும்? இவ்வினாவுக்கு அந்தக் கணக்கு மரபின் துணைகொண்டு விடை காண முயல்கின்றோம்.

பாகூருக்கு இவ்வாராய்ச்சியில் தனி உரிமை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், வேசாலிப் பேரரையனின் விண்ணப்பத்தின்படி, பாகூரில் இயங்கிய வித்தியாத்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று அவ்வூர்களின் பெயர்களைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. இக்கொடையின் இயல்பை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். மன்னன் ஒரு மண்டபம் கட்டித் தந்து அகன்றுவிடவில்லை. கற்பிப்போரும் கற்போரும் ஆண்டுதோறும் உண்பதற்குரிய விளைச்சலை எழுதிவைத்தான். நிலம் குறையாது நிற்கும். அதன் பயன் மட்டுமே செலவாகும். கோயில் நந்தா விளக்குகளுக்கு விடப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிப்பதும் இக்கருத்துப் பற்றியே. ஓர் ஆடு சாகலாம். மந்தையின் எண்ணிக்கை சாகாது. இசுலாமிய அறமரபில் வக்ஃபு என்பதன் அடிப்படையும் இதுவே: முதலைத் தொடாது பயனை அறத்திற்கு ஆக்குதல். வெவ்வேறு சமயத்தார் வெவ்வேறு மொழியில் எழுதிய போதிலும் கணக்கு ஒன்றாகவே இருக்கின்றது.

அத்தகைய செப்பேடு இன்று அதனைப் பெற்ற பாகூரில் இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கண்டெடுக்கப்பட்ட அதனை ஊரார் அச்சிட்ட நூலில் பாடமாகவே படிக்கின்றனர். பாகூர் குப்புசாமி அவர்கள் திரட்டிய புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகள் 2006ஆம் ஆண்டு முதல் நூலாக வெளிவந்தமையால் எழுத்தேனும் பிழைத்தது. பொருளின் நிலை அதுவன்று. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டைப் பற்றி உலகு அறியும். புதுவை நகரில் 1983ஆம் ஆண்டு அரசு அருங்காட்சியகமும் தொடங்கப்பட்டது. ஆனால் ஏற்றமும் கவலையும் மரக்கால்களும், பிரெஞ்சு மொழியில் எழுதிய பழைய நிலப் பத்திரங்களும், வில்லியனூர்க் குயவரின் சுடுமண் உருவங்களும் நகரக் காட்சியகத்தின் கண்ணில் எளிதிற் படுவன அல்ல. அவை ஊரிலேயே தங்கினால்தான் உண்டு. ஒரு தலைமுறை வீடு மாறும்போது பரணிலிருந்து இறங்கும் பத்திரக்கட்டு, பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போய்விடுகின்றது. அதன்பின் எந்த நிதியாலும் அதனை மீட்க இயலாது.

இனி நிதியின் போக்கு. முற்காலத்தில் மன்னரும் பின்னர் அரசும் காட்சியகங்களைத் தாங்கினர். சென்னை அருங்காட்சியகம் 1851இல் அரசினால்தான் அமைந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகமும் அரசுப் பணியே. சிற்றூர்க் காட்சியகத்திற்கு அரசின் கை எப்பொழுது நீளும் என்று சொல்ல முடியாது. ஆகவே பலரும் இக்காலத்தில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடுகின்றனர். 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைப் பொதுநலப் பணிகளுக்குச் செலவிடப் பணிக்கின்றது. அப்பணிகளின் பட்டியலில் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பும் இடம்பெற்றுள்ளது. தொழிற்பேட்டைகள் நிறைந்த புதுவையில் இது நல்வாய்ப்பெனவே தோன்றும்.

தோற்றம் அவ்வாறு, உள்ளே நுழைந்தால் வேறு. இந்நிதியைப் பெறும் அமைப்பு பதிவு பெற்றதாகவும் மூன்றாண்டு முன்பணி உடையதாகவும் இருத்தல் வேண்டும். அதனினும் முதன்மையானது, 2021ஆம் ஆண்டு சனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி ஓர் அமைப்பின் வைப்பு முதலுக்கு வழங்கும் தொகை சமூகப் பொறுப்புச் செலவாகக் கொள்ளப்படாது. பாகூர்ச் செப்பேடு செய்ததை, அதாவது அழியா முதல் ஒன்றை வைத்தலை, இந்நிதியால் செய்ய இயலாது. நிறுவனம் கட்டடம் தரும்; கண்ணாடிப் பேழை தரும்; வாயிலில் தன் பெயர்ப்பலகையும் தரும். நான்காம் ஆண்டில் மின்கட்டணம் கட்டுவது யார்? கறையான் மருந்து அடிப்பது யார்? காவலர்க்குச் சம்பளம் தருவது யார்? திறப்பு விழாவுக்குப் பின் பூட்டிக் கிடக்கும் கூடங்கள் நம் நாட்டில் அரியன அல்ல என்பதை நினைந்தே இதனை அழுத்திக் கூறுகின்றோம்.

மற்றொரு வாயில் கடல் கடந்த உறவினர். புதுவையின் நிலை இதில் தனித்தன்மை வாய்ந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பு நிகழ்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு வழங்கப்பட்டது. அவ்வாறு தேர்ந்தோரின் வழியினர் பிரான்சு நாட்டில் வாழ்கின்றனர். பிறந்த மண்ணின்பால் பற்றுடையோர் அவர்களுள் பலர். ஆயினும் சட்டம் உறவைப் பார்ப்பதில்லை, கடவுச்சீட்டைப் பார்க்கின்றது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் ஈட்டிய தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது ஒன்று. பிரெஞ்சுக் குடிமகனான அவன் உடன்பிறந்தான் தருவது வேறொன்று. பின்னது வெளிநாட்டு நன்கொடை. அதனைப் பெற ஒன்றிய அரசின் பதிவு வேண்டும். அப்பதிவுக்கு மூன்றாண்டுப் பணியும் 15 இலட்சம் ரூபாய் செலவும் பொதுவாகக் காட்டப்படல் வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பணம் முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிலேயே வந்து சேர வேண்டும். தொடங்கும் நாளிலேயே இவ்வாயிலை நம்பியிருத்தல் கூடாது என்பது இதனாற் போதரும்.

எஞ்சியிருப்பது பலர் தரும் சிறுதொகை. இதனை எளிதாக எண்ணுதல் தகாது. 2010ஆம் ஆண்டில் பாரிசு லூவர் அருங்காட்சியகம் கிரானாக்கு என்னும் ஓவியரின் ‘மூன்று அழகியர்’ ஓவியத்தை வாங்கப் பொதுமக்களை வேண்டியபோது ஏறத்தாழ 7,000 பேர் சேர்ந்து பத்து இலட்சம் யூரோ அளித்தனர். உலகின் செல்வ வளமிக்க காட்சியகங்களுள் ஒன்று வீதியில் நின்று கையேந்தியது என்று இதனைக் கொள்ளலாகாது. ஒரு குறிப்பிட்ட பொருளைக் காட்டி, ‘இது உங்களுடையது ஆகட்டும்’ என்று அது கேட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் டாலர் 2018இல் நிறைவுற்றபோது, தமிழ்நாடு அரசின் பத்துக் கோடி ரூபாயோடு உலகெங்கும் உள்ள எளிய தமிழரின் சிறுதொகைகளும் அதனுள் இருந்தன. 2016இல் வந்த யூபிஐ முறையால் இன்று பெட்டிக்கடையிலும் கைப்பேசியால் பணம் செலுத்துகின்றனர். எனினும் வாயிலில் ஒட்டிய குறியீட்டு அட்டை ஒன்றே போதும் என்று கருதுவோர் ஏமாறுவர். அது உண்டியலின் புதிய வடிவம், அவ்வளவே. போட்டவர் யாரென உண்டியல் அறியாது. மறுமுறை அவரை அழைக்கவும் அதற்குத் தெரியாது.

நம் ஊர்களில் இதற்கு மேம்பட்ட முறை பன்னெடுங்காலமாக உள்ளது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலின் தேரோட்டம் புகழ்பெற்றது. தமிழகக் கோயில் திருவிழாக்களில் இன்ன நாள் இன்னார் மண்டகப்படி, இன்னார் உபயம் என்று பகுத்துக்கொள்வது வழக்கம். பள்ளிவாசல்களில் ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சியும் அவ்வாறே. இன்றைய கஞ்சி இன்ன குடும்பத்தாருடையது என்று பலகையில் எழுதுவர். இவ்வழக்கத்தின் நுட்பம் யாதெனில், கொடை கட்டடத்திற்கன்று, ஒரு நாளின் செலவுக்கு உரியது. எந்தச் செலவை நிறுவனங்கள் தர மறுக்கின்றனவோ அந்தச் செலவையே ஊரார் உவந்து ஏற்கின்றனர். கொடுத்தவர் பெயர் அன்று விளங்கும். அடுத்த ஆண்டு அதே நாள் வரும்போது கேளாமலே அவர் நினைவுகூர்வார். அவர்க்குப் பின் மகன் அதனை உரிமையாகக் கேட்பான்.

இதனைக் காட்சியகத்திற்கு ஆக்கிப் பார்ப்போம். காவல், மின்சாரம், துப்புரவு, பேணுதல் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று கொள்வோமாயின் ஆண்டுக்கு 3,65,000 ரூபாய் ஆகும். ஒருவர் தருவதற்கு அது பெருந்தொகை. 365 குடும்பங்களுக்குப் பெரிதன்று. பிறந்தநாள், மணநாள், பெற்றோர் நினைவுநாள் எனத் தத்தம் நாளைத் தேர்ந்துகொள்ளலாம். தொகையை வங்கி வழியாகப் பெற்று ரசீது வழங்குதல் நன்று. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது. வரவும் செலவும் மாதந்தோறும் வாயிற்சுவரில் எழுதப்படல் வேண்டும். கோயிற் சுவரில் கணக்கைக் கல்லில் வெட்டிய மரபினர் நாம். சுண்ணாம்புச் சுவரில் எழுத நாணுவதேன்? புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் கலைப்பொருட்களை விற்கும் சிறு அங்காடி ஒன்றும் உடனிருக்கலாம். அதன் வருவாயை மிகைப்படுத்தி எண்ணாதிருத்தல் நலம்.

பொருள் தந்தவர் காட்சிப்பொருளின் மேல் அதிகாரம் கொள்ளாதவாறு முதலிலேயே விதி எழுதிக்கொள்ள வேண்டும் என்பதையும் சுட்டுகின்றோம். நாள் உபயம் நாளுக்கே. எந்தப் பொருளை வைப்பது, எந்தச் செய்தியை எழுதுவது என்பது அறிந்தோர் குழுவின் பொறுப்பு.

நாட்களைப் பங்கிடத் தொடங்கினால் முதலில் போட்டி எழக்கூடிய நாள் ஒன்றுண்டு. வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் நாள் 178 மக்கள் பேராளர்கள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர், எண்மர் மறுத்தனர். அவ்விடத்தின் நினைவுச் சின்னத்தருகே ஆண்டுதோறும் ஆகஸ்டு 16இல் கொடியேற்றப்படுகின்றது. அந்த அக்டோபர் 18ஐக் கீழூரார் பிறருக்கு விட்டுக்கொடார் என்றே எதிர்பார்க்கின்றோம்.