சாக்கெட் ஒன்றானால் பொருத்தம் ஒன்றாகுமா?

உதிரிபாகங்களை வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்த கணினி நான்கைந்து ஆண்டுகளில் மந்தமாகத் தோன்றும்போது, அதன் உரிமையாளருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "சாக்கெட் ஒன்றாக இருந்தால் எந்தப் பிராசஸரையும் மாட்டலாம்" என்பதாகும். கடைக்காரர் சொல்ல, நண்பர் வழிமொழிய, காணொளி போடுபவர் அடித்துச் சொல்ல, எத்தனை முறை மறுத்தாலும் இந்த வாக்கு சாகாமல் உலவிவருகிறது. சாக்கெட் என்பது பிராசஸர் எனப்படும் செயலியை மதர்போர்டில் அமர்த்தும் இருக்கை மட்டுமே. உட்கார இடமுண்டு என்பதை அது சொல்லுமேயன்றி, உட்கார்ந்தவர் வேலை செய்வாரா என்பதைச் சொல்லாது. பத்துப் பொருத்தத்தில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தாலிக்குப் பொன் உருக்குவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

இந்த நம்பிக்கையைத் தகர்க்க இன்டெல் நிறுவனத்தின் எல்ஜிஏ 1151 ஒன்றே போதும். 2015-இல் ஆறாம் தலைமுறைச் செயலிகளுடன் வந்த இந்தச் சாக்கெட்டில், பெயரில் உள்ள எண்ணுக்கேற்ப 1151 தொடுமுனைகள் இருந்தன. 2017 தொடக்கத்தில் வந்த ஏழாம் தலைமுறையும் அதே போர்டுகளில் ஓடியது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான எட்டாம் தலைமுறைக்கும் தொடுமுனைகள் 1151-தான் என்பதால், பழைய போர்டில் வைத்தால் ஓரப் பள்ளங்கள்கூடப் பிசகாமல் அது கச்சிதமாக உட்காரும்; ஆனால் கணினி எழாது. புதிய செயலிக்குக் கூடுதல் கோர்கள், அதாவது தனித்தனியே கணக்கிடும் உட்பகுதிகள், இருந்தமையால், மின்சாரம் செல்லும் முனைகள் 128-இலிருந்து 146-ஆகவும், அது திரும்பும் தரைமுனைகள் 377-இலிருந்து 391-ஆகவும் உயர்த்தப்பட்டன. சில முனைகளை ஒட்டுநாடாவால் மறைத்தும், போர்டின் அடிப்படை நிரலைத் திருத்தியும், பழைய இசட்170 போர்டுகளிலேயே ஆர்வலர்கள் எட்டாம் தலைமுறையை ஓட்டிக் காட்டியது உண்மையே. ஆகவே மின்சாரக் காரணம் ஒன்றே முழுக் காரணம் என்று நம்ப வேண்டியதில்லை. ஆனால் வேறு என்ன காரணம் என்பது நிறுவனத்தைக் கேட்க வேண்டிய கேள்வி. அதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒட்டுநாடாவும் கத்தரிக்கோலுமாக உட்கார்வது அறிவுடைமை ஆகாது.

இதற்கு எதிர்வாதமாக ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் காட்டப்படும். 2017-இன் முதல் ரைசன் செயலிகளும் 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 வரிசையும் ஒரே சாக்கெட்டில் அமர்ந்தன என்பது மெய்; ஆயினும் வாதிடுவோர் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகின்றனர். மின்சாரம் வந்தவுடன் முதலில் ஓடுவது போர்டில் ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் தொடக்க நிரலாகும்; புதிய செயலியை எழுப்பத் தேவையான நிரல் அதில் இல்லையென்றால், விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் அந்தச் சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட்டாக இருந்ததைக் காரணம் காட்டி, 400 வரிசை போர்டுகளுக்கு ரைசன் 5000 கிடையாது என்று 2020 மே மாதத்தில் அறிவித்த ஏஎம்டி, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது; 300 வரிசை போர்டுகளுக்கோ அதிகாரபூர்வ ஆதரவு 2022 வரை கிட்டவில்லை. 2017-க்கும் 2022-க்கும் இடையில் ஐந்தாண்டுகள் கழிந்தன, சாக்கெட் மாறவேயில்லை.

ஆகவே பார்க்க வேண்டியது சாக்கெட்டின் பெயரை அன்று. போர்டு தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்றே வெளியிடும் செயலிப் பட்டியலையும், அதில் ஒவ்வொரு செயலிக்கும் எதிரே குறிக்கப்படும் பயாஸ் பதிப்பு எண்ணையும்தான். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் பல்லாயிரம் ரூபாயைச் செலவழிப்போர் பின்னர் கடைக்காரரோடு சண்டையிடுவதில் பொருளில்லை. பழைய செயலி இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அதன் பிறகே செயலியைக் கழற்ற வேண்டும் என்னும் வரிசை தவறினால், புதுப்பிக்கவும் வழியின்றிப் போகும். செயலி இல்லாமலே யுஎஸ்பி வழியாகப் பயாஸை ஏற்றும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. இந்தச் சிக்கலில் மாட்டியவர்களுக்கென்றே 2018-இல் ஏஎம்டி ஒரு பழைய செயலியைச் சில நாள்களுக்கு இரவல் கொடுத்தது என்பதிலிருந்தே, மாட்டியவர்கள் சிலர் மட்டும் அல்லர் என்பது விளங்கும்.

மின்சாரத்தின் கணக்கும் இதே வகையினது. ஏஎம்4-இல் 105 வாட் என்று பெட்டியில் அச்சிடப்பட்ட செயலி, சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுக்கும், ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் அது 100 ஆம்பியரைத் தாண்டும் மின்னோட்டமாகும். எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி தரும் 12 வோல்ட்டை அந்த அளவுக்கு இறக்கிக்கொடுக்கும் சுற்று, மலிவான போர்டுகளில் வெப்பத்தகடுகூட இல்லாமல் இருப்பதால், 16 கோர் செயலியை அங்கே பொருத்தினால் அந்தச் சுற்று சூடேற, செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மற்ற நம்பிக்கைகள் இவ்வளவு மெனக்கெடலுக்குத் தகுதியற்றவை. கிகாஹெர்ட்ஸ் கூடினால் வேகம் கூடும் என்பதை, 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ 2006-லேயே முந்திப் பொய்யாக்கியது. செயலியை மாற்றினால் விண்டோஸை மீண்டும் நிறுவியே ஆக வேண்டும் என்பதும் பெரும்பாலும் வீண் அச்சமே. ஆனால் வட்டு பிட்லாக்கர் என்னும் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், பாதுகாப்புச் சாவி செயலிக்குள் இருக்கக்கூடும் என்பதால், மீட்புக் குறியீட்டை முன்னதாகவே எழுதிவைக்க வேண்டும். செயலிக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் இடையே தெர்மல் பேஸ்டை அள்ளிப் பூசினால் குளிர்ச்சி மிகாது, அழுக்கு மட்டுமே மிகும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ரைசன் 2200ஜி போன்ற படம் காட்டும் வசதியுள்ள செயலியை எடுத்துவிட்டு, அவ்வசதியற்ற ரைசன் 5600-ஐ மாட்டுவோர், கிராபிக்ஸ் கார்டு இல்லாவிடில் போர்டின் எச்டிஎம்ஐ துளையில் எதுவும் வராது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கழற்றப்படும் பழைய செயலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏஎம்4 கூலரை நேராகப் பிடுங்கினால், காய்ந்த பேஸ்டில் ஒட்டிய செயலி, பூட்டு மூடியிருக்கும்போதே சாக்கெட்டிலிருந்து பெயர்ந்து வந்து, அடியிலுள்ள ஊசிகள் வளைந்துபோகும். கணினியைச் சிறிது நேரம் ஓட்டிப் பேஸ்டை இளக்கி, அணைத்து மின்னிணைப்பைத் துண்டித்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகியபின் தூக்கினால் செயலி பிழைக்கும். அப்படிப் பிழைத்த செயலியைக் குப்பைக்கு அனுப்பி, அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் பிரிப்போர் கையில் சேர்ப்பதைவிடக் கொடுமை வேறில்லை. 2023 ஏப்ரல் முதல் இந்தியாவில் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் தயாரிப்பாளர்மீது மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்தினாலும், ஓடும் நிலையில் உள்ள பொருள் கழிவே அன்று. புதிய செயலி வந்த பிளாஸ்டிக் உறையிலேயே பழையதை வைத்து, எந்த போர்டில், எந்தப் பயாஸ் பதிப்பில் ஓடியது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே செருகி, தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடலாம்.