ஒரு முறைக்கு எவ்வளவு வாங்குவது?

வணிகரின் முதலீட்டில் பெரும்பகுதி சரக்காகக் கிடங்கில் இருக்கிறது. ஆகவே, ஒரு முறைக்கு எவ்வளவு கொள்முதல் செய்வது என்பது இலாபத்தையே பாதிக்கும் கேள்வியாகும்.

விலையைத் தவிர, கொள்முதலில் இருவகைச் செலவுகள் உண்டு. ஒன்று, ஆர்டர் செலவு: வண்டியின் குறைந்தபட்ச வாடகை, சரக்குச் சரிபார்ப்பு, கணக்கெழுத்து முதலியன. மற்றொன்று, இருப்புச் செலவு: வட்டி, கிடங்கு வாடகை, காப்பீடு, சேதாரம். அதிகமாக வாங்கினால் முன்னது குறையும், பின்னது கூடும். இவ்விரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக அமையும் அளவே சிக்கனக் கொள்முதல் அளவு. இதற்கான சூத்திரத்தை அமெரிக்கரான ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் வெளியிட்டார். ஆண்டுத் தேவையையும் ஓர் ஆர்டரின் செலவையும் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, ஓர் அலகை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மொத்த வியாபாரி ஆண்டுக்கு 3,600 பெட்டி சலவை சோப்பு விற்கிறார் எனக் கொள்வோம். பெட்டியின் விலை ரூ.1,000, ஆர்டர் செலவு ரூ.400, இருப்புச் செலவு விலையில் 20 சதவீதம், அதாவது ரூ.200. சூத்திரப்படி அளவு 120 பெட்டிகள். ஆண்டுக்கு 30 ஆர்டர்களுக்கு ரூ.12,000, சராசரி இருப்பான 60 பெட்டிகளுக்கு ரூ.12,000, மொத்தம் ரூ.24,000.

600 பெட்டிகளாக வாங்கினால் 1 சதவீதத் தள்ளுபடி என்கிறார் விற்பனையாளர். ஆண்டில் ரூ.36,000 மிச்சம். ஆனால் ஆர்டர் செலவு ரூ.2,400, இருப்புச் செலவு ஏறத்தாழ ரூ.60,000 என மொத்தம் ரூ.62,400 ஆகிவிடும். கூடுதல் செலவு ரூ.38,400, தள்ளுபடி நட்டத்தில் முடிகிறது. தள்ளுபடி 2 சதவீதமானால் மிச்சம் ரூ.72,000, அப்போது வாங்குவது இலாபமே. தள்ளுபடியைக் கேட்டவுடன் மகிழாமல், இருப்புச் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

துல்லியம் பற்றிக் கவலை வேண்டா. 100 பெட்டிகளாக வாங்கினால் ஆண்டுக்கு ரூ.400, 150 ஆக வாங்கினால் ரூ.600 மட்டுமே கூடும். ஆகவே, வண்டியின் கொள்ளளவிற்கேற்ப அளவை மாற்றிக்கொள்ளலாம். எனினும், தேவை ஆண்டு முழுவதும் சீராக உள்ள பொருள்களுக்கே இக்கணக்கு பொருந்தும். பண்டிகைக்காலச் சரக்கிற்கும் விரைவில் கெடும் பொருளுக்கும் தனிக் கணக்கு தேவை.

கேஷ் கிரெடிட் பெறுவோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சரக்கின் முழு மதிப்பிற்கும் வங்கி கடன் தருவதில்லை. மார்ஜின் தொகை உங்கள் கைப்பணம். நெடுநாள் தேங்கிய சரக்கு, கடன் எடுக்கும் வரம்பைக் கணக்கிடும்போது விலக்கப்படலாம். அப்போது வட்டி தொடரும், வரம்பு சுருங்கும்.

அடுத்த இருப்பு அறிக்கையை எழுதும்போது, மதிப்பில் முதல் பத்து இடங்களில் உள்ள பொருள்களுக்கு மட்டுமாவது இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.