பிராசசரின் மூடியைக் கழற்றச் சொன்னால்?

"பிராசசர் ரொம்பச் சூடாகுதுண்ணே. மேல் மூடியைக் கழட்டி லிக்விட் மெட்டல் போட்டுக் குடுங்க. வீடியோவுல இருபது டிகிரி குறையுது."

கணினி சர்வீஸ் தொழிலில் இருப்பவருக்கு இந்த வேண்டுகோள் என்றாவது ஒருநாள் வந்தே தீரும். கேட்பவர் பெரும்பாலும் சொந்தக் காசைச் சேர்த்துக் கேமிங் கணினி வாங்கிய இளைஞர். ஆசை அவருடையது, பொருளும் அவருடையது. ஆனால் உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பிளேடை எடுப்பதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எப்போது மறுக்க வேண்டும், மறுத்தால் வேறு என்ன செய்து தரலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சர்வீஸுக்கு வரும் கணினிகளில் சூட்டுக்கான காரணம் பெரும்பாலும் மூடிக்கு வெளியேதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் காட்டுவதுதான் உங்கள் முதல் வேலை. மூடியைக் கழற்றுவது எல்லா வழியும் அடைபட்ட பிறகு யோசிக்க வேண்டிய கடைசி வேலை.

மூடி எதற்கு இருக்கிறது?

2000-ஆம் ஆண்டு வாக்கில் விற்ற இன்டெல் பென்டியம் III, ஏஎம்டி அத்லான், டியூரான் பிராசசர்கள் பலவற்றில் மூடி கிடையாது. சிலிக்கான் சில்லு வெளியே தெரியும். ஹீட் சிங்க் நேராக அதன் மேல் உட்காரும். கிளிப்பை அழுத்தி மாட்டும்போது ஹீட் சிங்க் கொஞ்சம் சாய்ந்தாலே சில்லின் மூலை பெயர்ந்துவிடும். அப்படிப் போன அத்லான்கள் ஏராளம். பென்டியம் 4, அத்லான் 64 காலத்தில் நிக்கல் பூசிய செப்பு மூடி வழக்கமாகிவிட்டது.

சிறிய சில்லில் கிளம்பும் வெப்பத்தை அகலமான பரப்புக்குக் கொண்டுபோவது மூடியின் முதல் வேலை. கூலரின் அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு சில்லைக் காப்பது இரண்டாவது. சாக்கெட்டில் ஊசிகள் உள்ள இன்றைய மதர்போர்டுகளில் மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு. சாக்கெட்டின் இரும்புச் சட்டம் பிராசசரை அழுத்திப் பிடிப்பது இந்த மூடியின் விளிம்பில்தான். மூடியை எடுத்துவிட்டால் மூன்று வேலைக்கும் நீங்கள்தான் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்.

இருபது டிகிரி எந்தப் பிராசசரில்?

2011-இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் வரிசையில் சில்லும் மூடியும் சால்டரால் ஒட்டியிருந்தன. 2012-இல் ஐவி பிரிட்ஜ் வந்தபோது அந்த இடத்தில் தெர்மல் பேஸ்ட் வந்தது. மூடியின் விளிம்பை ஒட்டும் சிலிகோன் கோந்து தடித்திருந்ததால், சில்லுக்கும் மூடிக்கும் இடையில் இடைவெளியும் கூடியது. ஐ7-3770கே தொடங்கி 4770கே (ஹாஸ்வெல்), 6700கே (ஸ்கைலேக்), 7700கே, 2017-இல் வந்த 8700கே வரை இதே பேஸ்ட் கதைதான். இவற்றில் மூடியைக் கழற்றி லிக்விட் மெட்டல் வைத்தவர்கள் 10 முதல் 20 டிகிரி வரை குறைத்தார்கள். பழைய வீடியோக்களில் வாடிக்கையாளர் பார்ப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

2018 அக்டோபரில் வந்த ஐ9-9900கே-யில் இன்டெல் மீண்டும் சால்டருக்குத் திரும்பியது. ஏஎம்டி ரைசன் பிராசசர்களில் 2017-இலிருந்தே பெரும்பாலும் சால்டர்தான். 2018-இன் 2200ஜி, 2400ஜி போன்றவை விதிவிலக்கு. சால்டர் உள்ள 9900கே-யைத் திறந்து லிக்விட் மெட்டல் வைத்தபோது கிடைத்த லாபம் பத்து டிகிரியைக்கூடத் தொடவில்லை.

2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையில் மட்டும் மறுபடி 20 டிகிரி என்ற எண் கேட்டது. டெர்8அவர் என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் ரோமன் ஹார்ட்டுங் மூடியை நீக்கி, சில்லின் மேல் கூலரை நேராக வைத்து அந்த அளவு குறைத்துக் காட்டினார். பழைய ஏஎம்4 கூலர்கள் புதிய ஏஎம்5 சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக இந்த வரிசையின் மூடி தடிமனாகச் செய்யப்பட்டிருக்கிறது. லாபத்துக்கு அதுதான் காரணம். ஆனால் அதை அவர் தனிக் கருவியும் தனிச் சட்டமும் கொண்டு செய்தார். மேலும், இந்த வரிசையின் உயர்ரகப் பிராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணைப் பார்த்துப் பதறுபவருக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

ஆகவே முதல் கேள்வி: "இது என்ன மாடல், உள்ளே பேஸ்டா, சால்டரா?" இதற்குப் பதில் தெரியாமல் கருவியைத் தொடாதீர்கள்.

கழற்றும்போது எது போகும்?

*சில்லு:* சிலிக்கான் கடினமானது, ஆனால் வளையாது. விளிம்பில் பிளேடு ஒருமுறை பட்டால் விரிசல் விடும். விட்ட விரிசலுக்கு ரிப்பேர் கிடையாது.

*பிசிபி:* பிளேடு கொஞ்சம் ஆழமாகப் போனால் பச்சைப் பலகைக்குள் ஓடும் மெல்லிய செப்புத் தடங்கள் அறுபடும். ஸ்கைலேக்கிலிருந்து இன்டெல் இந்தப் பலகையை முன்பைவிட மெலிதாக்கியது. ஹாஸ்வெல்லில் தாங்கிய வைஸ் முறை (வைஸில் இறுக்கி மூடியைத் தள்ளிக் கழற்றுவது) அதற்குப் பின் வந்தவற்றில் பலகையை வளைத்துவிடலாம்.

*கெப்பாசிட்டர்கள்:* ஹாஸ்வெல்லில் சில்லை ஒட்டியே சிறு பாகங்கள் உண்டு. ரைசன் 7000-இல் மூடியின் கால்களுக்கு இடையே சுற்றிலும் கெப்பாசிட்டர்கள் நிற்கின்றன. பிளேடோ மூடியோ இடித்து ஒன்று பெயர்ந்தாலும் பிராசசர் ஓடாமல் போகலாம்.

*சால்டர்:* உள்ளே இருப்பது இண்டியம். சுமார் 157 டிகிரியில் உருகும். முறையான கருவிகள் மூடியைப் பக்கவாட்டில் தள்ளி இதை அறுக்கும், அல்லது சூடாக்கி இளக்கி எடுப்பார்கள். இரண்டும் இல்லாமல் மேல்நோக்கி நெம்பினால் மூடியோடு சில்லும் பிய்ந்து வரும். சூட்டைக் கட்டுப்பாடின்றி ஏற்றினால் மற்ற பாகங்களின் சால்டரும் இளகத் தொடங்கும்.

கழற்றிய பிறகு

மூடி பத்திரமாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பாதி ஆபத்து அதன் பிறகுதான் காத்திருக்கிறது.

லிக்விட் மெட்டல் என்பது காலியம், இண்டியம், வெள்ளீயம் சேர்ந்த கலவை. வெப்பத்தைப் போலவே மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். ஒரு துளி வழிந்து கெப்பாசிட்டரில் விழுந்தால் ஷார்ட். சிந்தி மதர்போர்டில் விழுந்தால் இரண்டு பொருள்களுக்கு நீங்கள் பொறுப்பு. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் ஆலையிலேயே லிக்விட் மெட்டல் வைக்கிறார்கள். ஆனால் அது வழியாதபடி சுற்றிலும் தடுப்பும் வைத்திருக்கிறார்கள். உங்கள் மேசையில் அந்தத் தடுப்பை நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.

அலுமினியம் அருகிலேயே வரக்கூடாது. காலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை உதிரும் பொருளாக்கிவிடும். நிக்கல் பூசாத செப்பிலும் காலியம் மெல்ல உள்ளே இறங்கும். கறை படியும், படலம் காயும், சில மாதங்களில் சூடு ஏறும். மறுபடி பூச வேண்டி வரலாம் என்பதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூடியைத் திரும்ப ஒட்டும்போது கோந்தைத் தாராளமாக வைத்தால் மூடி உயர்ந்து நிற்கும். எந்தக் குறைக்காக மூடியைத் திறந்தோமோ, அதே குறையை நாமே உண்டாக்கியது போலாகும். மூடியே இல்லாமல் ஓட்டினால் உயரம் குறைந்து கூலர் சில்லைத் தொடாமல் போகலாம், அல்லது ஒரு பக்கம் மட்டும் அழுத்தலாம். கணினி எழாதது, ரேமில் ஒரு சேனல் காணாமல் போவது, ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகச் சூடாவது எல்லாம் அழுத்தம் சீராக இல்லை என்பதன் அடையாளங்கள்.

முதலில் இதையெல்லாம் பாருங்கள்

1. *அறை வெப்பம்.* வெளிநாட்டு வீடியோக்கள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் எடுத்தவை. நம் ஊரில் மே மாதம் ஏசி இல்லாத அறை 36 டிகிரி. வெளியே கூடும் அந்த 14 டிகிரியும் ஏறக்குறைய அப்படியே பிராசசரிலும் கூடும். இதில் பிராசசரின் குற்றம் எதுவுமில்லை.

2. *கூலர்.* அடியில் பிளாஸ்டிக் படலத்தை உரித்தார்களா? நான்கு திருகும் சீராக இறுகியிருக்கிறதா? தண்ணீர்க் கூலர் என்றால் பம்ப் சுற்றுகிறதா? தூசி எவ்வளவு?

3. *பேஸ்ட்.* மூடிக்கு மேலே உள்ள பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள்.

4. *கேபினெட்.* பக்கக் கதவைத் திறந்துவைத்து அதே சோதனையை ஓட்டுங்கள். சூடு பளிச்சென்று இறங்கினால் குறை காற்றோட்டத்தில்.

5. *மின் வரம்பு.* பயோஸில் இன்டெல்லுக்கான மின் வரம்பைத் தளர்த்தியே பல மதர்போர்டுகள் வருகின்றன. ஐ9-13900கே-க்கு இன்டெல் சொல்லும் உச்ச அளவு 253 வாட். அந்த அளவுக்குள் கொண்டுவாருங்கள். ரைசன் 9 7950எக்ஸ் இயல்பில் 230 வாட் வரை இழுக்கும். அதற்கு 105 வாட், 65 வாட் எகோ மோடுகள் உண்டு. வேகம் கொஞ்சம் குறைந்து சூடு நன்றாக இறங்கும்.

6. *வோல்டேஜ்.* ரைசனில் கர்வ் ஆப்டிமைசர், வசதி உள்ள இன்டெல் போர்டுகளில் அண்டர்வோல்ட். சிறு சிறு படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் முழுச் சுமைச் சோதனை செய்யுங்கள்.

இந்த ஆறில் எது பிடிக்காவிட்டாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். மூடி அப்படியில்லை.

மறுப்பது எப்படி?

"முடியாது" என்று மட்டும் சொன்னால் அவர் அடுத்த கடைக்குப் போவார். ரீடிங்கைக் காட்டிப் பேசுங்கள். "தம்பி, மூடியைத் தொடாமலே எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாருங்க. இது காலைல எடுத்தது, இது இப்ப எடுத்தது. இதுக்கு மேலயும் வேணும்னா, பிராசசர் போனாலும் பரவாயில்லைன்னு நீங்க முடிவு பண்ணணும்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

அலுவலகக் கணினி, சர்வர், வேறொருவர் பெயரில் பில் உள்ள கணினி ஆகியவற்றை உறுதியாக மறுத்துவிடுங்கள். நிறுவனத்தில் ஐடி பொறுப்பில் இருப்பவருக்கும் இதே விதிதான். மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னார் என்பதற்காகச் செய்யாதீர்கள்.

ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்

இன்டெல்லும் ஏஎம்டியும் பெட்டியில் விற்கும் பிராசசர்களுக்குப் பொதுவாக மூன்றாண்டு வாரண்டி தருகின்றன. மூடியைக் கழற்றிய நொடியில் அது போய்விடும். இதை அவர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். மாடல், சீரியல் எண், கழற்றுவதற்கு முன் ஓடிய நிலை, அப்போதைய வெப்பம், புகைப்படம் எல்லாம் அந்தத் தாளோடு இருக்கட்டும்.

பிட்லாக்கர் போட்ட கணினி என்றால் 48 இலக்க மீட்பு எண் அவரிடம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பிராசசர் போய் வேறொன்றை மாட்டும்போது விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம். அது இல்லாவிட்டால் போவது பிராசசர் மட்டுமல்ல, அவருடைய கோப்புகளும்தான்.

கையெழுத்து இருக்கிறது என்பதற்காக அலட்சியமாக இருந்துவிட முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கும் புகார் கொடுக்கலாம். கணக்கையும் போட்டுப் பாருங்கள். கூலி 2,000 ரூபாய், பிராசசர் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்று உடைந்தால் 20 வேலைகளின் கூலி போய்விடும்.

கற்றுக்கொள்ள ஆசையா?

அவசியம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வாடிக்கையாளரின் பொருளில் பழகாதீர்கள். செத்துப்போன அல்லது மலிவாகக் கிடைக்கும் பழைய ஐவி பிரிட்ஜ், ஹாஸ்வெல் பிராசசர்களில் தொடங்குங்கள். உள்ளே பேஸ்ட்தான் இருக்கும் என்பதால் கை பழக ஏற்றவை. அந்தந்தத் தலைமுறைக்கென்று வந்த கருவியையே பயன்படுத்துங்கள். நிலைமின்னுக்கு எதிராக மணிக்கட்டுப் பட்டை, பார்க்க உருப்பெருக்கி, கெப்பாசிட்டர்களை மூட மின்காப்புப் பூச்சு மூன்றும் மேசையில் இருக்கட்டும்.

லேப்டாப் சர்வீஸ் நல்ல பயிற்சிக்களம். லேப்டாப் பிராசசர்களுக்கு இந்த மூடி கிடையாது, வெறும் சில்லுதான். ஹீட் சிங்க்கில் அச்சிட்ட எண் வரிசைப்படி திருகுகளைச் சிறிது சிறிதாக இறுக்கும் பழக்கம் கையில் ஊறிவிட்டால், மூடியில்லாத சில்லு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது தானே புரியும்.

இன்னொரு பழக்கத்தையும் இன்றே தொடங்குங்கள். சூட்டுப் புகாரோடு வரும் ஒவ்வொரு கணினிக்கும் அறை வெப்பம், முன் ரீடிங், கண்ட காரணம், செய்த வேலை, பின் ரீடிங் என ஐந்து கட்டங்கள் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். சில மாதங்களில் எந்தக் குறை எவ்வளவு டிகிரி தரும் என்பது உங்களுக்கே மனப்பாடமாகிவிடும். நாளை பெரிய சர்வீஸ் சென்டரில் வேலைக்கு நேர்காணல் போனாலும், தனிக்கடை திறந்தாலும், எத்தனை மூடி கழற்றினீர்கள் என்ற கணக்கைவிட இந்த நோட்டுதான் உங்கள் திறமையைச் சரியாகச் சொல்லும்.